அப்பா நீட்டுவார், பெரியப்பா கதவைத் திறக்கமாட்டார்: இது பிறவிக் குணமா?

என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒரு பெண் போன வாரம் கேட்ட கேள்வி இது. அவள் அப்பாவும் பெரியப்பாவும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டில், ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்கள். தீமிதியோ பள்ளிக் கட்டட நிதியோ, யார் ரசீது புத்தகத்தோடு வாசலில் நின்றாலும் அப்பாவின் கை சட்டைப்பைக்குள் போய்விடும். பெரியப்பா கதவைக்கூடத் திறக்கமாட்டார், ஊரே அவரைக் கஞ்சன் என்கிறது. இப்போது அவர்கள் குடியிருக்கும் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு டயாலிசிஸ் போய் வருகிறார். டயாலிசிஸ் செலவை மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ பார்த்துக்கொள்கிறது, ஆனால் வேலை போய்விட்டது, போக வரக் கார்க்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்காக வசூல் பண்ணலாம் என்று இந்தப் பெண் இறங்கியிருக்கிறாள். "சார், கொடுக்கிற மனசு பிறவியிலேயே வருவதா? கொடுக்காதவர்களிடம் போய்க் கேட்பதில் பயன் உண்டா?" என்று கேட்டாள்.

தொலைபேசியில் இரண்டு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. பள்ளியில் பதினைந்து வருடம் ஆலோசனை ஆசிரியராக இருந்தவன் நான், எங்கள் மரண சகாய நிதிக்கு 22 வருடம் பொருளாளராகவும் இருந்தேன். இந்த விஷயத்தைப் புத்தகத்திலும் பார்த்திருக்கிறேன், கணக்கு நோட்டிலும் பார்த்திருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்மா, பொறுமையாகப் படி.

முதலில் நேரான பதில். பிறவிக்குப் பங்கு உண்டு. இரட்டைப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் வைத்து நடந்த ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தால், மனிதர்களுக்குள் குணத்தில் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய 40 விழுக்காடு மரபணு வழியாக வருகிறது என்கிறார்கள். மீதி வளர்ந்த விதம், பழகின ஆட்கள், பட்ட அடி. அதோடு குணம் அப்படியே கல்லாக நிற்பதும் இல்லை, வயது ஏற ஏற இணக்கமும் பொறுப்பும் சராசரியாகக் கூடுகின்றன. ஆனால் உன் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கொடுக்கிற மனசு என்று ஒரே ஒரு பொருள் இருப்பது போலவும், அது உன் அப்பாவிடம் நிறைய, பெரியப்பாவிடம் சூனியம் என்பது போலவும் கேட்கிறாய். அப்படி ஒரு தனிக் குணம் கிடையாது. நாலைந்து வெவ்வேறு குணங்கள் நாலைந்து வெவ்வேறு விதமான உதவிகளைச் செய்ய வைக்கின்றன. ரசீது புத்தகம் அதில் ஒரு விதத்தை மட்டும்தான் பார்க்கும்.

உளவியலில் மனிதக் குணத்தை ஐந்து பெரிய கோடுகளில் அளப்பார்கள்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். கனடாவில் மைக்கேல் ஆஷ்டன், கிபியோம் லீ என்ற இருவர் பல மொழிகளில் குணத்தைக் குறிக்கும் சொற்களை அலசிப் பார்த்துவிட்டு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். நேர்மையும் அடக்கமும் சேர்ந்த குணம் அது. அடுத்தவனை ஏய்க்க வாய்ப்பு இருந்தும் ஏய்க்காமல் இருப்பது, தனக்கு மட்டும் கூடுதலாக ஒரு பங்கு வேண்டும் என்று நினைக்காமல் இருப்பது. நம் ஆட்கள் "அவன் சத்தியவான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்களே, ஏறக்குறைய அதுதான்.

2020இல் இசபெல் தீல்மன், ஜூலியானா ஸ்படாரோ, டேனியல் பாலியெட் மூவரும் 770 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் பணத்தை வைத்து நடத்தும் சோதனைகள் அவை. உன் கையில் 10 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு இதில் எவ்வளவு தருகிறாய், உன் இஷ்டம் என்பார்கள். அப்படிப்பட்ட சோதனைகளைத் தனியாகத் தொகுத்த இன்னொரு கணக்குப்படி மனிதர்கள் சராசரியாக 28 விழுக்காடு கொடுக்கிறார்கள். யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் ஆள் இல்லை, அப்படியும் 10 வெள்ளியில் 2 வெள்ளி 80 காசு. எனக்கு இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் மனம் லேசாகும்.

சரி, அந்த 770 ஆய்வுகளில் தெரிந்தது என்ன? குணத்துக்கும் உதவிக்கும் தொடர்பு உண்டு, ஆனால் பெரிதில்லை. பெரிய குணங்களில் நேர்மை-அடக்கம் முன்னால் நிற்கிறது, அதுவும்கூட எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. எந்தக் குணம் எங்கே வெளியே வரும் என்பதைச் சூழ்நிலைதான் தீர்மானிக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்த இடம். நேர்மைக்காரர், ஏமாற்ற வழி இருக்கிற இடத்தில் தாமாக முன்வந்து நியாயமாக நடப்பார். இணக்கக்காரரின் குணமோ அடுத்தவன் தவறு செய்த பிறகுதான் தெரியும், பழி வாங்காமல் விட்டுக்கொடுப்பார். சீட்டு போட்டவன் நடுவில் ஏமாற்றிவிட்டால் "போகட்டும், அவன் வீட்டில் என்ன கஷ்டமோ" என்று சொல்கிறவர் ஒருவர், தன் சீட்டை எடுத்துவிட்ட பிறகும் மாதா மாதம் தேதி தவறாமல் கட்டுகிறவர் இன்னொருவர். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவர் இடத்தில் மற்றவரை வைத்துப் பார்த்தால் கெட்டவராகத் தெரிவார்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். என் மரண சகாய நிதிக்கு வீட்டுக்கு மாதம் 5 வெள்ளி. கணக்கு நோட்டு வருடா வருடம் கூட்டத்தில் எல்லாரும் புரட்டிப் பார்த்ததுதான், அதனால் இதைச் சொல்வதில் தப்பில்லை. 22 வருடத்தில் உன் பெரியப்பா ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம், செம்பனைத் தோட்டத்து வேலை முடிந்து, பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வருவார். 5 வெள்ளி நோட்டை நான்காக மடித்து வைத்திருப்பார், அதை மேசையில் வைத்து விரலால் நீவி விரித்துவிட்டுத்தான் என் பக்கம் நகர்த்துவார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார், தேத்தண்ணி குடிக்கமாட்டார், நான் கையெழுத்துப் போடுகிறேனா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். உன் அப்பா? தங்கமான மனிதர், ஆனால் மூன்று மாதம் நான்கு மாதம் பாக்கி நிற்கும், பிறகு தீபாவளி போனஸ் வந்ததும் ஓடி வந்து மொத்தமாகக் கட்டி, "இதையும் வைச்சுக்குங்க சார்" என்று மேலே 20 வெள்ளியும் வைத்துவிட்டுப் போவார்.

மரண வீட்டிலும் இதேதான். எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் உன் அப்பா முன்னால் இருப்பார், செத்தவரின் மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து அழுவார். அந்த நேரத்தில் அந்தப் பையனுக்கு வேண்டியது அதுதான். பெரியப்பா பின்பக்கம் இருப்பார். தார்ப்பாய் கட்டுவது, நாற்காலி இறக்குவது, விடியற்காலை நான்கு மணிக்குப் பெரிய கடாரத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பது, போலீஸ் நிலையத்துக்கும் பதிவு இலாகாவுக்கும் யார் போவது என்று பார்ப்பது. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. உன் அப்பாவிடம் இணக்கமும் கலகலப்பும் அதிகம், பெரியப்பாவிடம் பொறுப்பும் நான் சொன்ன அந்த ஆறாவது குணமும் அதிகம். ஊர் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அழுகிறவருக்கு இரக்கம் அதிகம், அழாதவருக்குக் குறைவு என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், அடுத்தவர் படும் கஷ்டத்தைப் பார்க்கும்போது நமக்குள் வருவது ஒரே உணர்ச்சி இல்லை, இரண்டு என்றார். ஒன்று, அவருக்காக வரும் இரக்கம். மற்றொன்று, அதைப் பார்க்க முடியாமல் நமக்கே வரும் பதைப்பு. 1981இல் வெளிவந்த அவருடைய சோதனையில், ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்குவதைப் பார்க்கும்படி மாணவிகளை உட்கார வைத்தார்கள் (அதிர்ச்சி நிஜம் இல்லை, நடிப்பு). அவள் இடத்தில் நீ உட்கார்ந்துகொள்கிறாயா என்று கேட்டார்கள். தன்னைப் போலவே இருக்கிறாள் என்று அவளை நெருக்கமாக நினைத்தவர்கள், எழுந்து போக வழி இருந்தபோதும் பெரும்பாலும் உதவ முன்வந்தார்கள். அந்த நெருக்கம் இல்லாதவர்களிடம்தான் வித்தியாசம். கடைசி வரை உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்றபோது 64 விழுக்காட்டினர் உதவ ஒப்புக்கொண்டார்கள், சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்றபோது 18 விழுக்காட்டினர்தான். பதைப்பு மட்டும் இருந்தால், கிளம்ப வழி கிடைத்ததும் கிளம்பிவிடுகிறோம்.

மனக்கலக்கம் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தப் பதைப்புதான் முதலில் வரும். டயாலிசிஸ் போட்ட கையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அந்த அண்ணனைப் பார்க்கவே வராத ஒரு சொந்தக்காரர் நிச்சயம் இருப்பார். அவரைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதே. அவருக்கு உணர்ச்சி குறைவில்லை, தாங்க முடியாத அளவுக்கு அதிகம். நேரில் வரச் சொல்லாமல், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் காசை மாதா மாதம் நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார், பல பேர் ஒத்துக்கொள்வார்கள்.

சிறுநீரகம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்த 19 பேரின் மூளையை அபிகெயில் மார்ஷ் என்பவரின் குழு படம் எடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டது. பயத்தை உணரும் அமிக்டலா என்ற பாதாம் பருப்பு மாதிரிப் பகுதி, வலது பக்கத்தில், மற்றவர்களைவிட அவர்களுக்குச் சராசரியாக 8 விழுக்காடு பெரிதாக இருந்தது. பயந்த முகத்தைப் பார்த்ததும் அந்தப் பகுதி வேகமாகவும் வேலை செய்தது. அவர்கள் பயம் தெரியாத வீரர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் அடுத்தவர் பயத்தை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். 19 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது, ஆனால் யோசிக்க வைக்கிறது.

அடுத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. மார்க் ஓட்டோனி-வில்ஹெல்ம், ரெனே பெக்கர்ஸ் இருவரும் 2010இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: இரக்கம் அதிகம் உள்ளவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்களா? கண்ணெதிரே, தெரிந்த ஆளுக்கு, அப்போதே செய்யும் உதவிக்கு இரக்கம் ஓரளவு துணை நிற்கிறது. ஆனால் தள்ளி இருக்கிறவருக்கு, யோசித்துத் திட்டமிட்டுச் செய்யும் உதவியில், பணம் கொடுப்பது, ரத்தம் கொடுப்பது போன்றவற்றில், வேறொன்றுதான் முன்னால் வருகிறது. "கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவுவது என் கடமை" என்று ஒருவர் மனதில் ஊன்றிப்போன கொள்கை அது. இரக்கம் பெரும்பாலும் அந்தக் கொள்கையின் வழியாகத்தான் கையை அசைக்கிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வருடக் கணக்கில் ஓடப்போகிற டயாலிசிஸுக்குக் கண்ணீர் எத்தனை நாள் தாங்கும்? முதல் மாதம் எல்லாரும் வருவார்கள், எட்டாவது மாதம் யார் வருகிறார் என்று பார். உன் பெரியப்பா மாதிரி ஆள்தான் வருவார்.

கலகலப்பானவர்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்று சில ஆய்வுகளில் வரும், ஆனால் அதில் எவ்வளவு குணம், எவ்வளவு வாய்ப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நாலு சங்கத்தில் இருப்பவரிடம் நாலு பேர் கேட்கிறார்கள். வீட்டோடு இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் எடுத்த கணக்கெடுப்புகள் இரண்டிலும், நடந்த நன்கொடையில் ஏறக்குறைய 85 விழுக்காடு யாரோ வந்து கேட்டதால் நடந்தது. பெக்கர்ஸும் பமலா வீப்கிங்கும் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து, மனிதர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்கு எட்டுக் காரணம் தொகுத்தார்கள். அதில் முதல் இரண்டு, தேவை இருப்பது தெரிவதும், ஒருவர் கேட்பதும். குணமும் கொள்கையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இது நம் ஊருக்குப் புதிதில்லை. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய இயல் துறைக்காகத் தமிழ் எங்கள் உயிர் நிதி தொடங்கியபோது, பால்மரம் வெட்டின கைகள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தன. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று ஆட்களை வெளியே தள்ளிய காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார், தொழிலாளிகள் தவணையில் பங்கு வாங்கினார்கள். அது தர்மம் இல்லை, முதலீடுதான், ஆனால் நாள் கூலியில் வாழ்கிறவன் அடுத்த தோட்டத்துக்காரன் வீடு போகாமல் இருக்கத் தன் காசைப் போட்டான் என்றால் அதற்குள்ளும் இந்தக் குணம் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களிலும் கஞ்சன் இருந்தான், ஊதாரி இருந்தான், கோபக்காரன் இருந்தான். குணம் மாறிவிடவில்லை. நம்பத் தகுந்த ஒருவர் வந்து, எதற்கு என்று சொல்லிக் கேட்டார்.

கேட்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. சிக்காகோ பக்கம் வீடு வீடாக வசூலுக்கு அனுப்பி ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, ஜான் லிஸ்ட், உல்ரிக்க மால்மெண்டியர் மூவரும் சோதனை செய்தார்கள். நாளைக்கு இத்தனை மணிக்கு வருகிறோம் என்று முதல் நாளே கதவில் துண்டுச்சீட்டு மாட்டிய வீடுகளில் கதவைத் திறந்தவர்கள் 9 முதல் 25 விழுக்காடு குறைந்தார்கள். "வர வேண்டாம்" என்று குறிக்க ஒரு கட்டமும் வைத்தபோது நன்கொடை கொடுத்தவர்கள் 28 முதல் 42 விழுக்காடு குறைந்தார்கள். கொடுத்தவர்களில் ஒரு பகுதி விரும்பிக் கொடுக்கவில்லை, எதிரே நிற்கிற ஆளிடம் இல்லை என்று சொல்ல முடியாமல் கொடுத்தார்கள். இணக்கக் குணம் அதிகம் உள்ளவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உன் அப்பா கொடுத்த ஒவ்வொரு 50 வெள்ளியும் மகிழ்ச்சியாகக் கொடுத்தது என்று நினைக்காதே. மாதக் கடைசியில் உன் அம்மா மளிகைக் கடையில் கடன் சொன்ன நாட்கள் எனக்குத் தெரியும். அவரை மறுபடி கறந்துவிடாதேம்மா.

பெரியப்பா ஏன் கதவைத் திறப்பதில்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு, ஊர் அதை மறந்துவிட்டது. பல வருடம் முன்னால் ஒரு கட்டட நிதிக்கு அவர் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தார். கட்டடம் எழும்பவில்லை. கூட்டத்தில் எழுந்து கணக்கு கேட்டார், "கொடுத்த காசுக்குக் கணக்கு கேட்கிறவன் கொடுக்காமலேயே இருந்திருக்கலாம்" என்று மேடையிலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அன்றைக்கு மூடின கதவு. பெக்கர்ஸ், வீப்கிங் சொன்ன எட்டில் ஒன்று இது: என் காசு போய்ச் சேருமா, அதனால் ஏதாவது நடக்குமா என்ற நம்பிக்கை. நேர்மைக் குணம் அதிகம் உள்ளவருக்கு அந்த நம்பிக்கை உடைந்தால் எளிதில் ஒட்டாது. என் நோட்டில் மட்டும் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் போனாரே, அது எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் பள்ளிக் கணினி அறைக்கு நிதி திரட்டினோம், ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசித்தால் போட்டி போட்டுக் கொடுப்பார்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். கொடுக்கவும் செய்தார்கள், மதிப்பு மரியாதை மேல் பிரியம் உள்ளவர்களுக்கு அது வேலை செய்யும். 100 வெள்ளி, 50 வெள்ளி என்று வாசித்துக்கொண்டே வந்தேன், நடுவில் ஒரு விதவை அம்மாவின் பெயர், 2 வெள்ளி. அதையும் அதே குரலில் வாசித்தேன். அவர் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து எழுந்து போனதைப் பார்த்தேன். அதன் பிறகு பள்ளி நிகழ்ச்சி எதற்கும் அவர் வரவில்லை. அவருக்கு அந்த 2 வெள்ளி எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாசித்தேன். இன்றைக்கும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது.

குணத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, குணம் தோற்றுப்போகிற இடத்தையும் பார்த்துவிடு. 1973இல் ஜான் டார்லியும் பேட்சனும் பிரின்ஸ்டனில் சமயப் பள்ளி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள், வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். நேரமிருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள், தாமதமாகிவிட்டது ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர். பக்தி எப்படிப்பட்டது என்று முன்பே அளந்து வைத்திருந்தார்கள், அதை வைத்து யார் நிற்பார், யார் தாண்டிப் போவார் என்று சொல்ல முடியவில்லை. அதனால் நம் ஊரில் காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனிடம் உன் வசூல் தாளை நீட்டிவிட்டு, அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று மனம் உடையாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போ.

இனி வசூலுக்கு. வாட்ஸ்அப் குழுவில் 200 பேருக்குப் பொதுவாக ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்காதே. 1968இல் டார்லியும் பிப் லதானேயும் செய்த சோதனையில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போலக் குரல் கேட்டபோது, தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் எழுந்து போனார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது, குரல் அடங்குவதற்குள் எழுந்தவர்கள் 31 விழுக்காடு. குழுவில் போட்டால் எல்லாரும் "பாவம்" என்று போட்டுவிட்டு அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். பெயர் சொல்லி, தனியாக, ஒருவரிடம் ஒரு வேலை என்று கேள்.

நாட்டில் இத்தனை ஆயிரம் பேர் டயாலிசிஸில் இருக்கிறார்கள் என்ற பேச்சை எடுக்காதே. அந்த அண்ணனைப் பற்றிச் சொல், அதுவும் அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், ஆப்பிரிக்கப் பட்டினி பற்றிய புள்ளிவிவரம் படித்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த 5 டாலரில் 1.14 டாலர் கொடுத்தார்கள், மாலி நாட்டு ரொக்கியா என்ற ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றிப் படித்தவர்கள் 2.38 டாலர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43க்கு இறங்கிவிட்டது. எண் வந்ததும் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

ஆனால் கணக்கு நோட்டு வேறு விஷயம், அது கட்டாயம் வேண்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கு, முதல் பக்கத்தில் மாதச் செலவை எழுது. ஈப்போ போய் வர எவ்வளவு, அரிசி பருப்பு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு. அடுத்த பக்கத்திலிருந்து வந்த பணம், போன பணம். யார் கேட்டாலும் நோட்டைக் காட்டு, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் காட்டாதே, அந்தப் பக்கத்தைத் தனியாக வை. மாதம் 5 வெள்ளி போதும் என்று கேட்டால் பொறுப்புக் குணம் உள்ளவர்கள் நிற்பார்கள், உன் அப்பா மாதிரி ஆட்களிடம் ஒரு தொகையை நீயே சின்னதாகச் சொல்லி, அதற்கு மேல் கொடுத்தால் திருப்பிக் கொடு. அப்பாவுக்கு வேறு வேலை இருக்கிறது. அந்த அண்ணன் டயாலிசிஸ் முடிந்து வந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பார், யாராவது வந்து பேசமாட்டார்களா என்று இருக்கும். உன் அப்பாவைப் போய் உட்காரச் சொல், ஊர்க் கதை பேசட்டும், அதற்கு இந்தத் தாமானில் அவரைவிட்டால் ஆள் இல்லை.

பெரியப்பாவிடம் பணம் கேட்காதே. அவரிடம் ஒரு பழைய புரோட்டோன் கார் இருக்கிறது, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த அண்ணனுக்குச் செவ்வாய், வியாழன், சனி என்றாய், காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்றாய். சாயங்காலம் அவர் வாசல் கூட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போ, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ, முதல் பக்கத்தைக் காட்டு. "பெரியப்பா, செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இல்லை, நீங்க வர முடியுமா" என்று அந்த ஒரு நாளை மட்டும் கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் நில், அவர் நோட்டைக் கையில் வாங்கிக் கடைசி வரி வரை படிப்பார், அதுவரைக்கும் பொறு.